பொருளுக்கோர் இடம்

கல்விக்கு வேண்டுவன யாவை என வினவின், நூலும் ஆசிரியரும் ஓய்வும் உடனே நினைவுக்கு வரும். அந்நூலும் கொப்பியும் எழுதுகோலும் வேண்டியபொழுது கைக்கு எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும் என்பது பலர் நினைவுக்கு வருவதில்லை. இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் நாம், அறிவிற் குறைவில்லாத மாணாக்கர் பலர் ஒழுங்கின்மையாற் பின்னடைதலைக் கண்டுள்ளோம்.

இதனைக் கணக்கிட்டும் காட்டலாம். நாளொன்றுக்குப் பாடவேளைகள் 8 எனவும், ஒவ்வொன்றும் 40 நிமிடம் எனவும் கொள்வோம். பாடந்தோறும் கொப்பியையும் அடிமட்டத்தையும் தேடுவதில் 2 நிமிடம் கழியுமாயின், நாளொன்றில் 16 நிமிடமும் வாரத்தின் ஐந்து நாளில் 80 நிமிடமும் வீணாகும். அஃதாவது, வகுப்பில் அமர்ந்திருந்தே அம்மாணவன் வாரந்தோறும் இரண்டு பாடவேளைகளை இழக்கின்றான்.

பொருள்களைப் பேணுதலின் அருமையை எமது தலைமுறையினர் இடர்க்காலத்திற் கற்றோம். 1990களில் பொருளாதாரத் தடையினால் வடபகுதியிற் கடதாசியும் மண்ணெண்ணெயும் அரும்பொருள்களாயின. கொப்பியின் ஓரத்தையும் விடாது எழுதினோம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபொழுது, நாமும் புத்தகப்பையைத் தோளில் மாட்டியவாறு அக்கூட்டத்தில் நடந்தோம். எம் அன்னையார் பிறப்புச் சான்றிதழ், தேர்ச்சி அறிக்கை முதலியவற்றை ஓர் உறையிலிட்டு முன்னரே ஆயத்தமாக வைத்திருந்தார். அதனாற் புதிய இடத்திற் பாடசாலை சேர்தல் எமக்கு எளிதாயிற்று. பத்திரங்களை வீட்டிற் பல மூலைகளில் வைத்திருந்த எம் தோழர் சிலரோ, பிரதி பெறுவதற்குப் பல நாள் அலைந்தனர்.

அக்காலம் கழிந்தது. ஆயினும் பொருளின் அருமை கழிந்திலது. 2022ஆம் ஆண்டிற் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்துத் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டமையை யாவரும் அறிவர். 1980ஆம் ஆண்டு முதல் அரசினர் இலவசமாக வழங்கிவரும் பாடநூல்களுட் சில, முன்னைய வகுப்பினர் பயன்படுத்தியவை. இன்று உறையிட்டுப் பேணப்படும் நூல் நாளை ஒரு தம்பியின் கைக்குச் செல்லும். ஆதலின் இது தன்னலம் ஒன்றே பற்றிய பழக்கமன்று.

எம் வகுப்பில் நாம் வற்புறுத்துவன நான்கே. நேரசூசியைப் படிக்கும் இடத்தில் ஒட்டி, அதனைப் பார்த்து இரவிலேயே பையை அடுக்குக. காலைப் பரபரப்பில் அடுக்கற்க. மறுநாட்குரியவற்றை மாத்திரம் கொண்டு வருக. பையின் பாரம் குறையும். கொப்பிக்கும் கொம்பாஸ் பெட்டிக்கும் பெயர் எழுதுக. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்க. மேசையும் லாச்சியும் இல்லாத வீட்டில் வெறும் அட்டைப்பெட்டி ஒன்றே போதும். அஃது அப்பிள்ளைக்கே உரியதென வீட்டார் யாவரும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்; அதுவே முதன்மை. பொருளை வைக்க இடம் கொடாது, பொருளைத் தொலைத்தான் எனப் பிள்ளையை அடித்தல் முறையன்று.

பழைய மாணவ அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தாய்க்கல்லூரியை மறவாது ஆண்டுதோறும் பைகளும் கொப்பிகளும் வழங்குகின்றீர்கள், நன்றி. அவற்றுடன் வகுப்பறைக்கு ஒன்றாகத் தட்டுகள் உள்ள அலுமாரியும் வழங்குவீர்களாயின், கொடுத்த பொருள் நிலைத்துப் பயன்தரும். ஒவ்வொரு மாணவனுக்கும் அதில் ஒரு சாண் இடம் கிடைத்தாற் போதும். தனக்கென ஓர் இடம் உண்டு என அறிந்த பிள்ளை, அதனைத் தூய்மையாக வைத்திருக்கத் தானே கற்றுக்கொள்ளும்.