ஒரு பழுதும் இரு கணக்கும்

பழைய பொருளை வாங்குகிறவர் அதன் கடந்த காலத்தையும் சேர்த்தே வாங்குகிறார். வீடானால் அயலாரைக் கேட்டறியலாம்; மாடானால் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். மோட்டார் வண்டியின் கடந்த காலமோ இரும்புக்குள் ஒளிந்து கிடக்கிறது. அது வெளிப்படும் நாளில், வாங்கியவர்க்கும் விற்றவர்க்கும் இடையிலுள்ள நம்பிக்கையும் பழுதாகிவிடுவதுண்டு.

நம் சகோதரியின் மகன், பத்தாண்டு வளைகுடா நாட்டில் உழைத்துச் சேர்த்ததில் பெரும் பங்கைக் கொடுத்து, இருவர் மட்டுமே அமரத்தக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சென்னையில் வாங்கினார். 70,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. விற்றவர் பழைய கார் வணிகர். நம் குடும்பத்தார்க்குப் பல்லாண்டுப் பழக்கமுடையவர். வாங்கிய பதினோராம் நாள், நம்மையும் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே நாகூருக்குப் புறப்பட்டார். தரையைத் தொடுவது போன்ற அவ்விருக்கையில் அமர நம் முழங்கால்கள் பட்ட பாடு தனிக்கதை. மரக்காணத்து உப்பளங்களைக் கடக்கும் வேளையில், மிதித்த கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே கிடந்தது, மேலெழவில்லை. கியர் விழ மறுத்துக் கறகறவென ஓசையிட்டது. வண்டியை ஓரங்கட்டினார்.

"என்னை ஏமாற்றிவிட்டார், மாமா! இப்போதே அழைத்துக் கேட்டுவிடுகிறேன்" என்று கைப்பேசியை எடுத்தார்.

"குறை இன்னதென்று தெரிந்த பின் கேள், தம்பி. இப்போது அழைத்தால் உன் வாயில் கேள்வி வராது, வசைதான் வரும்" என்றோம்.

பல வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஆயில் ஒரே கிண்ணத்திலிருந்துதான் செல்கிறது. ஆகவே எப்படியேனும் ஓட்டிச் சென்றுவிடலாம் என்ற எண்ணத்தை விட்டு, ரெக்கவரி வண்டியை வரவழைத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த முதிய மெக்கானிக் நமக்கு ஒரு பாடமே நடத்தினார்.

கிளட்ச் கெடுவது இரு வகையாம். எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இறுகப் பிடிபட்டிருக்கிறது. அது தேய்ந்தால் பிடி வழுக்கும். எஞ்சின் இரையும், வேகம் கூடாது, கருகல் நாற்றம் வீசும். இது முதல் வகை. பிடியை விடுவிக்க இயலாமற் போவது இரண்டாம் வகை. மிதியின் விசையை பிரேக் ஆயில் சுமந்து சென்று ஒரு சிலிண்டரை நகர்த்த வேண்டும். ஆயில் கசிந்து காற்றுப் புகுந்தால், காற்றுச் சுருங்குமேயன்றி விசையைக் கடத்தாது. நமக்கு நேர்ந்தது இதுவே.

"சிலிண்டர் உள்ளே இருக்குது பாய். கியர் பாக்ஸை இறக்கினால்தான் தெரியும். சாமான் விலையைவிட இறக்குகிற கூலிதான் பெரிது" என்றார்.

இறக்குவதற்கு முன்பே வணிகருக்குச் செய்தி சொல்லச் சொன்னோம். குறை கண்டவர் தாமதியாமல் அறிவிக்க வேண்டும், அறிந்த பின்னும் பயன்படுத்தினால் உரிமை போய்விடும் என்பது ஷாஃபிஈ ஃபிக்ஹில் நாம் கற்றது. வணிகரோ, "பழைய வண்டி, விற்ற பின் பொறுப்பில்லை" என்று முடித்துக்கொண்டார்.

இறக்கியபோது இரண்டு செய்திகள் தெரிந்தன. சிலிண்டரின் ரப்பர் சீல் கிழிந்திருந்தது. சுற்றிலும் காய்ந்து புழுதியேறிய பழைய கறை. கசிவு பதினோரு நாள் வயதுடையதன்று. கிண்ணத்தில் இருந்த ஆயிலோ புத்தம் புதிது. யாரோ நிரப்பி நிரப்பிக் கசிவை மறைத்திருக்கிறார்கள். மற்றொன்று, கிளட்ச் பிளேட் ஆயில் படாமல் உலர்ந்திருந்தது. ஆனால் ரிவெட் தலைகள் தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது.

"முழுச் செலவையும் அவர்தாம் தரவேண்டும்" என்றார் மருமகன். அப்போது, மடி பெருக்கிய ஆட்டைப் பற்றிய ஹதீஸை அவருக்கு நினைவூட்டினோம். பால் கறவாமல் விட்டு, மடியைப் பெருக்கிக் காட்டி விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு வாங்கியவர்க்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அளித்தார்கள். ஆயினும் திருப்பித் தருபவர், தாம் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழமும் சேர்த்துத் தரவேண்டும். ஏமாற்றப்பட்டவர்க்கும் ஒரு கணக்கு உண்டென்பது இதன் நுட்பம்.

"கசிவை மறைத்தது அவர் கணக்கு. பிளேட் தேய்ந்தது யார் கணக்கு? 70,000 கிலோமீட்டர் ஓடியதென்று தெரிந்துதானே குறைந்த விலைக்கு வாங்கினாய்? அத்தேய்மானம் விலையிலேயே கழிந்துவிட்டது" என்றோம். நெடுநேரம் பேசாதிருந்து, பின் ஒப்புக்கொண்டார்.

ஒரு தாளில் இரு பத்திகள் வரைந்தோம். சிலிண்டரும் ஆயிலும் வணிகர் பக்கம். கிளட்ச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் மருமகன் பக்கம். இரண்டுக்கும் பொதுவான இறக்குக் கூலி சரிபாதி. கறை படிந்த சிலிண்டரின் படத்தையும் தேய்ந்த பிளேட்டின் படத்தையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார் மருமகன். முழுத்தொகை கேட்டிருந்தால் வணிகர் வழக்காடியிருப்பார். தமக்குச் சாதகமான படமும் அதில் இருக்கக் கண்டதாலோ என்னவோ, மூன்றாம் நாள் தம் பங்கை அனுப்பிவிட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை, நாமும் கேட்டு வாங்கவில்லை. இரு மாதங்களுக்குப் பின் அவர் இல்லத்து நிக்காஹ் அழைப்பு வந்தது. மருமகன் அதே வண்டியில் போய்வந்தார்.

பழைய வண்டி வாங்கும் இளைஞர்க்குச் சில சொல்வோம். கைப்பிரேக்கை இழுத்து, உயர்ந்த கியரிலிட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் பிளேட் வழுக்குகிறது. ஆயில் கிண்ணத்தையும் கியர் பாக்ஸின் அடிப்புறத்தையும் பாருங்கள். ஓட்டும்போது ஹாஃப் கிளட்சில் காலை வைத்திராதீர்கள். பழுது நேர்ந்துவிட்டால், கழற்றிய சாமான்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விற்றவரிடம் பேசுமுன், உங்கள் பக்கத்துக் கணக்கையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.