மழையில் சோதித்த பெட்டி

புதிய பொருள் ஒன்று வீட்டிற்கு வந்தால், அதனை நல்ல நாளில், நல்ல வெளிச்சத்தில் இயக்கிப் பார்த்து மகிழ்வது உலக வழக்கம். கடைக்காரரும் அவ்வாறே காட்டி விற்பார். கடற்கரையில் வாழ்வோர் எந்தப் பொருளையும் அவ்விதம் மதிப்பிடுவதில்லை. வள்ளத்தின் பக்கப்பலகையைக் கரையில் தட்டிப் பார்த்துவிட்டு நல்லதென்று எவரும் சொல்லிவிட மாட்டார். காற்றுக்கடலில் அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே அவருக்குக் கேள்வி. செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சியைக் கொண்டுவரும் ஒரு சிறு பெட்டியையும் இந்த அளவுகோலாலேயே அளக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றிற்று. சென்ற ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நமது பங்கு இல்லத்து மாடியில் அவ்வாறே அளந்து பார்த்தோம். வாசகக் குடும்பங்கள் பலவற்றிற்குப் பயன்படக்கூடுமாதலால், கண்டதைக் கண்டவாறு எழுதுகிறோம்.

கேள்வி நமதன்று, பங்கு மக்களுடையது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. வருவாய் ஒடுங்கும் அந்நாள்களில் வீட்டிலிருந்து முதலில் விடைபெறுவது கேபிள் இணைப்பு. பழைய அலைவாங்கிக் கம்பியை இன்னும் கூரைமேல் வைத்திருப்போருக்கும் வழியில்லை. தரைவழி ஒளிபரப்பிய நிலையங்களில் மிகப் பெரும்பாலானவற்றை தூர்தர்ஷன் 2022 மார்ச் மாதத்துடன் நிறுத்திவிட்டது. வானிலிருந்து மாதக் கட்டணமின்றி வருவது, 2004 டிசம்பரில் ‘டிடி டைரக்ட் பிளஸ்’ என்ற பெயரில் தொடங்கி, இப்போது ‘டிடி ஃப்ரீ டிஷ்’ என வழங்கப்பெறும் சேவை. டிஷ்ஷையும் பெட்டியையும் ஒருமுறை வாங்கிவிட்டால் போதும். நாம் வாங்கியது 2,000 ரூபாய்க்குள் அடங்கிற்று.

ஆனால் மக்கள் கேட்டது விலையைப் பற்றியன்று. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் மேற்கொண்டு செல்லமுடியாமல் நின்று, பயணிகள் அங்கேயே தவித்தனர். நமது ஊரில் மின்சாரமும் கைப்பேசியும் ஒருங்கே போயின. அடுத்த ஊரில் என்ன நேர்ந்தது என்பதை அறிய ஒரு முழு நாள் ஆயிற்று. அதனை மனத்தில் வைத்தே ஒரு பெரியவர், “அப்படி ஒரு ராத்திரியில இந்தப் பெட்டி பேசுமா, சாமி?” என்று கேட்டார். ஆயுள் முழுவதும் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் உழைத்து, இப்போது முழங்கால் வலியால் கரையில் தங்கிவிட்டவர் அவர். மகன்மார் இருவரும் தங்குகடல் தொழிலில் இருக்கின்றனர். வானிலைச் செய்தி அவருக்குப் பொழுதுபோக்கன்று. அவருடைய கேள்விக்கு விடை தேடுவதே நமது சோதனையின் நோக்கமாயிற்று.

இக்கடற்கரைக்குத் தொலைக்காட்சி வந்த வரலாறே சற்று விந்தையானது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியபோதிலும் அதன் படம் தென்கோடிக்கு எட்டவில்லை. நாம் சிறுவராயிருந்தபோது இவ்வூர்களில் முதலில் கண்ட படம் கடல் கடந்து வந்தது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும், இங்கே உயர்ந்த குழாய்களின் உச்சியில் அலைவாங்கியைக் கட்டி, ஒருவர் மேலே நின்று திருப்ப, மற்றவர் கீழிருந்து “வந்துட்டு, வந்துட்டு!” என்று கூவுவார். கொடைக்கானலில் உயர்திறன் ஒளிபரப்பி அமைந்த 1987க்குப் பின்னரே நம் நாட்டு நிகழ்ச்சிகள் இங்கு ஒழுங்காகத் தெரியலாயின. அக்காலத்துப் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் நிறைந்திருக்கும். எனினும் எத்தனை புள்ளி விழுந்தாலும் செய்தி வாசிப்பவரின் குரல் மட்டும் எப்படியோ காதில் விழும். இதை வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும், பின்னர் தேவைப்படும்.

இப்போது நமக்குப் படம் அனுப்புவது ஜிசாட்-15 என்னும் செயற்கைக்கோள். 2015 நவம்பர் 11 அன்று தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன்-5 ராக்கெட் இதனை ஏற்றிச் சென்றது. நிலநடுக்கோட்டிற்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 93.5 பாகையில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றிவருவதால் நமக்கு அது அசையாது நிற்பதாகவே தோன்றும். (இந்நாட்டின் விண்வெளி முயற்சி 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து தொடங்கியபோது, தங்கள் புனித மகதலா மரியா ஆலயத்தையும் குடியிருப்புகளையும் விட்டுக்கொடுத்தவர்கள் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்க மக்களே. வானத்திலிருந்து தமக்கு என்ன இறங்கிவருகிறது என்று கேட்கும் உரிமை கடற்கரையாருக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு.)

டிஷ்ஷை நிறுத்துவதில்தான் முதல் பாடம் கிடைத்தது. பெட்டியுடன் வந்த கையேட்டில் தமிழ் ஓர் எழுத்தும் இல்லை. அதில் அச்சிட்டிருந்த படமோ வட இந்தியாவிற்குப் பொருந்துவது. டெல்லியில் இச்செயற்கைக்கோள் தென்கிழக்கிலிருந்து தெற்கு நோக்கி ஒதுங்கி, அடிவானத்திற்கு மேல் 52 பாகை அளவில் நிற்கிறது. நமது கடற்கரையிலோ கிழக்கிலிருந்து தெற்கே 28 பாகை மட்டும் விலகி, 69 பாகை உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கிறது. ஆதலால் இங்கே டிஷ் நன்கு மல்லாந்து கிடக்கவேண்டும். இதனால் ஒரு நன்மையும் உண்டு: தென்னை மரங்களோ ஆலயக் கோபுரமோ எளிதில் குறுக்கிடுவதில்லை.

அடுத்தது, டிஷ்ஷின் முன்னே கைபோல் நீண்ட கம்பியின் நுனியில் இருக்கும் எல்.என்.பி. இதனை நேராக மாட்டிவிட்டுப் போவது வழக்கமாக இருக்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இதன் கழுத்தைத் திருகவேண்டிய அளவு கூடும். டெல்லியில் சிறிது திருகினால் போதுமானது, இங்கே அதைவிட மிகுதியாகத் திருகவேண்டியதாயிற்று. திரையில் இரண்டு பட்டைகள் தோன்றும். ஒன்று வலிமை, மற்றது தரம். வலிமைப் பட்டை, டிஷ் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஏறி நிற்கும். அதைக் கண்டு ஏமாறலாகாது. தரப் பட்டையையே பார்க்கவேண்டும். நமது உபதேசியார் கீழே திரையருகில் அமர்ந்து எண்களைச் சொல்ல, மாடியில் எல்.என்.பி.யை மெல்ல மெல்லத் திருகியபோது தரம் 31இலிருந்து 74க்கு ஏறிற்று. டிஷ்ஷை ஒரு மயிரிழையும் அசைக்காமலே இந்த ஏற்றம். வெயில் நாளில் 31க்கும் 74க்கும் படத்தில் வேறுபாடு தெரியாது. இரண்டிலும் படம் கண்ணாடிபோல் இருக்கும். மழை நாளில்தான் வேறுபாடு வெளிப்படும். டிஷ் மாட்டுவோர் படம் தெரிந்தவுடன் ஏணியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவதன் காரணமும் இதுவே.

படத்தைப் பற்றி நீட்டி எழுதவேண்டியதில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. எம்பெக்-4 வகைப் பெட்டியைக் கேட்டு வாங்கவேண்டும். பழைய எம்பெக்-2 பெட்டியில் ஒரு பகுதி அலைவரிசைகள் வாரா. பொதிகை என்ற பெயரிலிருந்து 2024 ஜனவரியில் மாறிய டிடி தமிழ் தெளிவாக வருகிறது. தனியார் அலைவரிசைகளுக்குரிய இடங்கள் ஏலத்தில் விடப்படுகின்றன. ஏலத்தில் வாங்குவோர் பெரும்பாலும் இந்தி அலைவரிசையினர். எனவே பட்டியல் நீளமாயினும் தமிழ் அதில் அருகியே காணப்படுகிறது. மாலைத் தொடர்களை எதிர்பார்க்கும் வீட்டார் ஏமாறுவர். இதனைக் குறையாகக் கொள்வதா நன்மையாகக் கொள்வதா என்பதைக் குடும்பத் தலைவியரின் முடிவிற்கே விட்டுவிடுகிறோம். ஸ்வயம் பிரபா முதலான கல்வி அலைவரிசைகள் மிகப் பல. கல்லூரியில் இயற்பியல் படிக்கும் நமது பங்கு மாணவி ஒருத்தி நான்கு மாலைகள் வந்து பார்த்துவிட்டு, ஆங்கிலப் பாடம் கடினமாயினும் கேட்கத்தக்கது என்றாள்.

இனி மழைக்கு வருவோம். ஐப்பசி முதல் தேதியிலிருந்து உபதேசியார் ஒரு நோட்டில் குறித்துவந்தார்: மழை தொடங்கிய நேரம், தரப் பட்டையின் எண், படம் நின்ற நேரம், திரும்பிய நேரம். தூறலில் ஒன்றும் நேரவில்லை. மிதமான மழையில் 74 என்பது 60, 55 என இறங்கும், படம் கலங்காது. ஆனால் தாரை தாரையாகக் கொட்டும் மழையில் எண் திடீரெனச் சரிந்து, படம் சதுரம் சதுரமாக உடைந்து, உறைந்து, ‘சிக்னல் இல்லை’ என்னும் எழுத்து வந்துவிடும். முதல் 41 நாள்களில் இவ்வாறு 9 முறை நின்றது. பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் திரும்பிற்று. ஒருமுறை மட்டும் 35 நிமிடம் ஆயிற்று.

காரணம் விளங்காததன்று. இவ்வலைகளின் நீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. இத்தகைய குறுகிய அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடித்துவிடும். இங்கேதான் பழைய படத்தின் புள்ளிகளை நினைக்கவேண்டும். பழைய முறை தேய்ந்து தேய்ந்து மங்கும், குரலாவது மிஞ்சும். புதிய முறை கடைசிவரை குறையொன்றும் காட்டாது, ஒரு நொடியில் முழுவதுமாகப் போய்விடும். அதுவும், வானிலைச் செய்தி மிகவும் வேண்டப்படும் நேரத்தில் போய்விடும். இது பெட்டி செய்தவரின் குற்றமன்று, அம்முறையின் இயல்பு. ஆயினும் விற்பவர் எவரும் இதனைச் சொல்வதில்லை.

நோட்டில் ஒரு புதிரும் இருந்தது. இரண்டு மாலைகளில் நமது மாடியில் ஒரு துளியும் விழவில்லை; படம் போயிற்று. அப்போது திண்ணையில் அமர்ந்திருந்த அந்தப் பெரியவர் திரையைப் பார்க்காமல் கடலைப் பார்த்து, “கொண்டல்ல மழை நிக்கிது சாமி, கரைக்கு வர அரைமணி ஆவும்” என்றார். இருபத்தைந்தாம் நிமிடத்தில் மழை வந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் அவர் கூறியது முற்றிலும் பொருந்துகிறது. நமது டிஷ்ஷின் பார்வை கிழக்கும் தென்கிழக்குமாகக் கடலின் மேல் செல்கிறது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தொலைவுவரை அங்கே நிற்கும் கனமழை அதன் குறுக்கே வந்துவிடும். கிழக்கு நோக்கிய கடற்கரை ஊர்களில் படம் நின்றால், கொடியில் காயும் துணியையும் மணலில் காயும் கருவாட்டையும் எடுத்துவிடலாம்!

இரண்டாவது சோதனையைக் கார்த்திகையில் செய்தோம். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை இறக்கிவிட்டு, அயலூரில் பயனற்றுக் கிடந்த 90 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றை வாங்கிவந்து நிறுத்தினோம். விட்டம் ஒன்றரை மடங்கேயாயினும் அலைகளை ஏந்தும் பரப்பு இரண்டேகால் மடங்கு. அம்மாதத்தில் முன்னைப் போன்றே கனத்த மழை பலமுறை பெய்தும், படம் நின்றது 3 முறை மட்டுமே. நின்றபோதும் விரைவில் திரும்பிற்று. பெரிய டிஷ் காற்றை அதிகம் வாங்கும். ஆதலால் அதன் காலைச் சுவரில் திருகாணியால் மட்டும் பிணைக்காமல், கான்கிரீட்டில் பதிக்கவேண்டும். கடற்காற்றின் உப்பு ஓராண்டில் போல்ட்டுகளைத் தின்றுவிடும். கிரீஸ் தடவிவைப்பது நலம்.

மின்சாரம் போனால் என்ன செய்வது? பெட்டி 12 வோல்ட்டில் இயங்குவது, சிறிய எல்.இ.டி. தொலைக்காட்சிகளிலும் 12 வோல்ட் வகை உண்டு. வள்ளத்தில் விளக்கிற்கும் ஜி.பி.எஸ். கருவிக்கும் வைத்திருக்கும் பேட்டரி ஒன்றை இரவல் வாங்கி இணைத்துப் பார்த்தோம். நான்கு மணி நேரம் இரண்டும் தடையின்றி ஓடின. அதற்குமேல் வள்ளக்காரர் பேட்டரியைக் கேட்டுவிட்டார்.

பெரியவருக்கு நாம் கூறிய விடை இது: அப்படிப்பட்ட இரவில் இந்தப் பெட்டி பேசும், ஆனால் தொடர்ந்து பேசாது, மழை மிகக் கனக்கும் நேரத்தில் மௌனமாகிவிடும். ஆகவே டிரான்சிஸ்டர் வானொலியை எவரும் விற்றுவிடலாகாது. 2023 வெள்ளத்தின்போது நமது தெருவில் செய்தி சொன்னது பேட்டரியில் ஓடிய ஒரு டிரான்சிஸ்டரே. கடலிலிருக்கும் மகன்மாருக்கு இந்த டிஷ் உதவாது என்பதையும் மறைக்காமல் சொன்னோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எழுந்தபோது, தொலைவில் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்த பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை என்பதை அவர் நம்மைவிட நன்கு அறிவார். “கரையில இருக்கவனுக்குத் தெரிஞ்சாத்தான ஒயர்லெஸ்ஸுல சொல்லமுடியும்” என்று மட்டும் கூறினார்.

அவர் வீட்டில் இப்போது 90 சென்டிமீட்டர் டிஷ் நிற்கிறது. இதுவரை நமது பங்கில் 14 வீடுகள் வாங்கியுள்ளன. எல்.என்.பி. திருகும் வேலையை உபதேசியாரே உடனிருந்து பார்த்துக்கொடுக்கிறார். தரம் 70க்குக் கீழே இருக்கும்வரை ஏணியை எடுக்க அவர் விடுவதில்லை. மழைக் குறிப்பு நோட்டு பங்கு இல்லத்தில் இருக்கிறது. வேண்டுவோர் மாலைத் திருப்பலிக்குப் பின் வந்து பார்க்கலாம்.