கோட்டை விட்ட கோல்கீப்பர்

1990 ஜூன் மாதத்து ராத்திரி ஒன்று. பக்கத்து வீட்டு டிவி முன்னால் தெருவே கூடியிருந்தோம். உலகக் கோப்பையில் கொலம்பியாவும் கேமரூனும். கொலம்பிய கோல்கீப்பர் ரெனே ஹிகிட்டாவுக்குக் கம்பங்களுக்கு நடுவே இருப்புக் கொள்ளாது. சுருள்முடியும் மீசையுமாக வெகுதூரம் ஏறிவந்து பந்தைக் காலால் ஆடுவார். அன்றும் கூடுதல் நேரத்தில் அப்படி வந்து, எதிரே நின்ற ரோஜர் மில்லாவை ஏய்க்கப் பார்த்தார். மில்லாவுக்கு அப்போது 38 வயது. மனுஷர் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடி, காலியாகக் கிடந்த கோலுக்குள் தள்ளிவிட்டார். ஆட்டம் முடிந்தபோது 2–1. கொலம்பியா மூட்டை கட்டியது.

"கோட்டை விட்டு வந்தா கோட்டைதான் விடணும்!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிலேடையை ஒரு வாரம் ஆபீசிலும் ஓட்டினேன்.

ஹிகிட்டா சாக்குப்போக்கு சொல்லவில்லை, தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார் என்பதைப் பிறகு படித்தேன். அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை.

அதே வருஷம்தான் மில் ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்த நான், இருப்புப் புத்தகத்தில் 40-ஐ 400 என்று எழுதித் தொலைத்தேன். தணிக்கையில் மாட்டியது. மேனேஜர் கேட்டபோது உதவிக்கு இருந்த பையனைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்ததோடு சரி, வாயைத் திறக்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது. பையனுக்கு ஒரு வாரச் சம்பளம் போயிற்று. தீபாவளிக்கு அவன் அம்மா செய்த முறுக்கை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான். பல் நன்றாக இருந்த காலம்தான், ஆனாலும் கடிக்க முடியவில்லை.

அதற்கப்புறம்தான் ஹிகிட்டாவை ஒழுங்காகக் கவனித்தேன். 1989-இல் மெடெயின் நகரத்து அத்லெதிகோ நாசியோனால் அணி, தென் அமெரிக்க கிளப்புகளுக்கான லிபர்த்ததோரெஸ் கோப்பையை முதன்முதலாகக் கொலம்பியாவுக்கு வாங்கிக்கொடுத்தபோது, பெனால்டியில் நான்கைத் தடுத்து ஒன்றைத் தானே அடித்தவர். 'பைத்தியம்' என்று செல்லப்பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். 1993-இல் ஒரு கடத்தல் விவகாரத்தில் நடுவில் நின்று பணம் கைமாற உதவியதற்காகச் சிறையில் கிடந்தார். 1994 உலகக் கோப்பை போயிற்று. அப்படியும் ஜனங்கள் அவரைக் கைவிடவில்லை. மலையாளத்தில் என்.எஸ். மாதவன் அதற்கு முன்பே அவர் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு சிறுகதை எழுதியிருந்தார். தப்பே செய்யாத கோல்கீப்பர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் கேட்டால் எனக்கே நாலு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

1995 செப்டம்பரில் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிரே நின்றார். தலைக்கு மேலே வந்த பந்தைக் கையால் பிடித்திருக்கலாம். முன்னால் பாய்ந்து, உடம்பைக் கிடத்தி, இரண்டு குதிகாலையும் முதுகுக்கு மேலே தூக்கி, தேள் கொடுக்கை வீசுகிற மாதிரி உதைத்து அனுப்பினார். அடி வாங்கியும் அடங்காத கால்!

போன மாதம் அந்த வீடியோவைப் பேரனுக்குக் காட்டியது என் தப்பு. மெத்தையில் பாய்ந்தவன் கட்டில் விளிம்பில் மோதி உதட்டைக் கிழித்துக்கொண்டான். மருமகள் ஓடிவந்து, "யாருடா இதைச் சொல்லிக்கொடுத்தது?" என்றாள். பையன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தாம்மா குதிச்சேன்" என்றான்.

"நான்தாம்மா காட்டினேன்" என்றேன்.