எடுக்கப்படாத படம்

பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்தது 1908 முதல் 1918 வரை. பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் அங்கேதான் பிறந்தன. அந்நாளில் அவரை அருகிருந்து கண்டவர்களுள் ஒருவர், பிரெஞ்சு அரசுப் பள்ளியின் இளந்தமிழாசிரியர் கனகசுப்புரத்தினம். திருமண வீடொன்றில், அவையில் பாரதியார் இருப்பதை அறியாமலே அவருடைய பாடலைப் பாடியதுதான் அறிமுகமாயிற்று என்பர். இலக்கணம் கற்றுத் தேர்ந்தவர்க்கு எளிய சொல்லிலும் கவிதை நிற்கும் என்னும் துணிவு அந்நட்பால் வாய்த்தது. கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார்.

பின்னாளில் அப்பெயரே அவரைச் சோதித்தது. பகுத்தறிவு இயக்கத்தின் பாவலராக அவர் விளங்கியபோது, சக்தியைப் பாடியவருக்கு நீர் தாசனா என்று உடனிருந்தோரே வினவினர். அவர் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. கொள்கையில் ஆசானை விட்டு விலகிய மாணவர், நன்றியில் விலக மறுத்தார்.

எழுபது வயதைக் கடந்தபின், ஆசானின் வாழ்க்கையைத் திரைப்படமாக்கும் வேட்கை அவருக்கு எழுந்தது. திரைத்துறை அவருக்குப் புதிதன்று. பொன்முடி (1950), வளையாபதி (1952) முதலிய படங்களுக்கு உரையாடல் தீட்டியவர் அவர். பாரதியார் வரலாற்றுக்கும் எழுதினார். ஆனால், 1964 ஏப்ரல் 21 அன்று சென்னையில் அவர் மறைந்தார். படம் எடுக்கப்படவில்லை.

2000ஆம் ஆண்டில் ஞான ராஜசேகரன் இயக்கிய ‘பாரதி’ வெளிவந்தது. மராத்தி நடிகர் சாயாஜி ஷிண்டே பாரதியாராக நடித்த அப்படம், சிலரே உடன்சென்ற இறுதி ஊர்வலத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது. நல்ல படம், தேசிய விருதும் பெற்றது. எனினும், அது ஆசானை நேரில் காணாதவர் எடுத்த படம்.

நேரில் கண்டவர்களின் நினைவும் ஒரே தன்மையது அன்று. உலைக்கு வைத்திருந்த அரிசியைப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்த நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். வெளியாருக்கு அது கவியுள்ளத்தின் கருணை. செல்லம்மாவுக்கோ அது அன்றைய சோறு. அவரும் மகள் சகுந்தலாவும், அவ்வீட்டில் சிறுமியாய் ஓடியாடிய யதுகிரியும் தத்தம் நினைவுகளை நூல்களாகத் தந்துள்ளனர். மாணவர் அறிந்தது பாட்டு எழுந்த கூடத்தை. அடுப்படியை அறிந்தவர்கள் இப்பெண்கள். பாரதிதாசனின் படம் வெளிவந்திருந்தால், அதன் ஒளிப்படக் கருவி கூடத்தில் மட்டும் நின்றிருக்குமா, அடுப்படிக்கும் சென்றிருக்குமா?

ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் ஆசானின் இல்லமும், பெருமாள் கோயில் தெருவில் மாணவரின் இல்லமும் இன்று நினைவகங்களாக உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே சென்றுவிடலாம்.