பழைய கிதார் என்ன விலை?

பழைய இரும்பை எடை போடலாம்; பழைய நகையை உரைத்துப் பார்க்கலாம். பழைய கிதாருக்கு எப்படி விலை சொல்வது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வந்தால் என் மாமா கிதாரோடுதான் உட்காருவார். அவர் காலமான பின் அது பரணில் கிடந்தது. பையனின் ஐ.டி.ஐ. கட்டணத்துக்காக விற்க முன்வந்தார் அத்தை. "500 தர்றேன்" என்றார் ஒருவர். "பழங்காலப் பொருள், லட்சம் போகும்" என்றார் இன்னொருவர்.

"இருங்க அத்தை, அளந்து பார்த்துடறேன்" என்றேன்.

நட்டிலிருந்து 12ஆம் பிரெட் வரை 325 மி.மீ.; அங்கிருந்து சேடில் வரை 327 மி.மீ. அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். அதைச் சரிக்கட்டத்தான் அந்த 2 மி.மீ. ஒவ்வொரு பிரெட்டுக்கும் அதிர்வெண் 1.0595 மடங்கு, 12 பிரெட்டில் இரண்டு மடங்கு. கணக்கு சரி! ஸ்டீல் ரூல் வைத்துப் பார்த்தேன். கழுத்தில் முறுக்கு இல்லை. பிரிட்ஜ் மட்டும் பின்பக்கம் காகிதம் நுழையுமளவு எழும்பியிருந்தது.

அடுத்து மரம். ஒலித்துளையின் விளிம்பில் மர ரேகை கனம் முழுக்கத் தொடர்ந்தால் அது முழுப்பலகை. அடுக்கு தெரிந்தால் பிளைவுட். எங்களுடையதில் அடுக்கு தெரிந்தது. கொல்கத்தாவில் செய்த கிவ்சன்.

லட்சங்கள் போகும் கிதார்கள் வேறு. அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1833இல் தொடங்கியது. 1898 முதல் வரிசை எண் இருப்பதால் வயதைச் சொல்லிவிடலாம். பிரேசில் ரோஸ்வுட் தட்டுப்பாட்டால் 1969இல் அவர்கள் மாறியது எதற்குத் தெரியுமா? நம் ஈட்டி மரத்துக்கு! அதற்கு முந்தைய பிரேசில் மரக் கிதாருக்குத்தான் கிராக்கி. அதிலும் புது வார்னிஷ் அடித்துவிட்டால் மதிப்பு இறங்கிவிடும். வெறும் வயசுக்கு விலை கிடையாது. செய்தவர், மரம், நிலைமை மூன்றும் சேர்ந்ததே விலை.

மின்சார ரயிலேறி சென்னையில் இரண்டு கடைகளில் விசாரித்தேன். இதே ரகம் நல்ல நிலையில் 3,000 வரை போகிறதாம். பிரிட்ஜ் ஒட்ட 600, கம்பி 200 போக மீதி 2,200.

500 சொன்னவர் மறுபடி வந்தார். அத்தை அசரவில்லை. "2,200. வேணும்னா எடுங்க, இல்லாட்டி இருக்கட்டும்." அவர் 2,000க்கு இறங்கி வந்தார். மறுநாளே கட்டணம் கட்டியாயிற்று.

நண்பர்களே, வெர்னியரும் ஸ்டீல் ரூலும் பிராக்டிகல் மார்க்குக்கு மட்டுமல்ல. அளக்கத் தெரிந்தவன் வீட்டில் அடிமாட்டு விலை பேச முடியாது!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்