வாவிக்கரையில் வீடு தேடுவோருக்கு

ஓய்வுபெற்றபின் வாசலிலேயே தோணியைக் கட்டிவைத்து வாவிக்கரையில் வாழ வேண்டுமென்பது உங்களில் பலரது ஆசை. ஆகுமான ஆசைதான். ஆனால் மட்டக்களப்பு வாவியோரம் காணி பார்ப்போர் பெரும்பாலும் கோடையிலேயே போகிறார்கள். அப்போது தண்ணீர் வற்றி, வளவு விசாலமாகத் தெரியும். மாரியில் போய்ப் பாருங்கள். முகத்துவாரத்து மணல்திட்டு வெட்டப்படும்வரை வெள்ளம் கடலுக்குப் போகாது. உங்கள் படலைக்குத்தான் வரும். அயலார் மதிலிலுள்ள வெள்ளக் கறையை அளந்து பாருங்கள். விற்பவர் அதைச் சொல்லமாட்டார்.

கிணற்று நீரையோ ஆகஸ்டில் குடித்துப் பாருங்கள். உவர்நீர் வுழூவுக்கு ஆகும், தேநீருக்கு ஆகாது.

கடற்கரைப் பக்கமென்றால், 2004 டிசம்பர் 26ஐக் கண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. தோணி உங்களுடையது, வீட்டில் நாள் முழுவதும் இருக்கப்போவது உங்கள் மனைவி. உங்கள் கை துடுப்புப் போடாத காலத்திலும், நீங்கள் மௌத்தானபின் நாலு மாதம் பத்து நாள் இத்தாவிலும் அவர் அங்கேதான் இருக்க வேண்டும். பாங்கோசை கேட்குமா? இரவில் கூப்பிட்டால் அயலார் வருவார்களா? ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோ கிடைக்குமா? முற்பணம் கொடுக்குமுன் அவரைக் கூட்டிச்சென்று காட்டுங்கள். அவர் தயங்கினால் வீட்டை ஊருக்குள் வாங்குங்கள். தோணியைத் தெரிந்தவர் துறையில் கட்டிக்கொள்ளலாம்.