அனுமதிச் சீட்டுக் கட்டு

2010ஆம் ஆண்டின் கடைசியில் பேசாலையிலிருந்து ஒரு பெண் மன்னார் நகரிலுள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். ஆசிரிய நியமனத்துக்கு விண்ணப்பித்திருந்தார். உயர்தரம் சித்தியடையாததால் அவருடைய பட்டத்தை ஏற்க முடியாது என்று ஒற்றை வரியில் பதில் வந்திருந்தது. பட்டச் சான்றிதழோடு, றப்பர் வளையம் போட்ட சிறு சீட்டுக் கட்டு ஒன்றையும் மேசையில் வைத்தார். அது எதற்கு என்று நான் அன்று கேட்கவில்லை.

1990இல் போருக்குத் தப்பி மன்னார்த் தீவிலிருந்து இந்தியாவுக்கு வள்ளம் ஏறியபோது அவருக்குப் பதினைந்து வயது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றருக்குள்தான். அந்தக் கடலில்தான் படிப்பு அறுந்தது. மண்டபம் அகதி முகாமில் இருந்துகொண்டு பத்தாம் வகுப்பை முடித்தார், பிளஸ் டூ முடியவில்லை. 1997இல், 22 வயதில், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று வைத்த நுழைவுத் தேர்வை எழுதி, அஞ்சல்வழியில் பி.ஏ. சேர்ந்தார். முகாமில் கணக்கெடுப்புக்கு ஆள் நிற்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். இராமநாதபுரத்தில் நடக்கும் தொடர்பு வகுப்புக்குப் போவதென்றாலும் முகாம் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சீட்டுகள்தாம் அந்தக் கட்டு. ஒவ்வொன்றிலும் ஊதா நிற முத்திரை, தேதி, 'வகுப்பு' என்ற காரணம், மாலைக்குள் திரும்ப வேண்டும் என்ற குறிப்பு. மடிப்புகளில் சில கிழிந்திருந்தன. அவற்றைப் பின்புறம் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தார்.

மாகாணத்தின் அதிகாரத்துக்குட்பட்ட விடயத்தில் ஓர் அதிகாரி தவறான முடிவெடுத்தால், அதை நீக்கும்படி மாகாண மேல் நீதிமன்றத்திடம் எழுத்தாணை கேட்கலாம். இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் கொடுத்த வசதி அது. கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. 2011இல் மனுவைத் தாக்கல் செய்தேன்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வலுவான ஆவணம் ஒன்றோடுதான் வந்தார். அது 2009 பெப்ரவரி 26 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. தமிழ்நாடு அரசின் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவி பற்றிய வழக்கு. இளநிலைப் பட்டம் இல்லாமலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலை முறையில் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என்றும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிகளைப் பின்தேதியிட்டுத் தளர்த்த முடியாது என்றும் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 18 அன்று தமிழ்நாடு அரசு போட்ட 107ஆம் இலக்க ஆணையையும் அவர் சேர்த்திருந்தார்: பத்தும் பிளஸ் டூவும் தேறாமல் திறந்தநிலையில் பெற்ற பட்டங்கள் அரசுப் பணிக்கு ஏற்கப்படமாட்டா. "படித்த நாட்டிலேயே எடுபடாத பட்டத்துக்கு இங்கே என்ன மதிப்பு?" என்றார். மன்றில் இருந்தவர்கள் தலையசைத்ததை நான் கண்டேன்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. இளநிலையைத் தாண்டிக் குதித்து முதுநிலைக்குப் போவதைத்தான் அது தடுத்தது. ஆனால் அது தாங்கிப் பிடித்த அதே 1985 விதிகள், முறைசாராக் கல்விக்கு வேறொரு வாசலையும் திறந்து வைத்திருந்தன: பள்ளிப் படிப்பு முடிக்காதவர் 21 வயது நிரம்பியிருந்து, பல்கலைக்கழகம் வைக்கும் நுழைவுத் தேர்வில் தேறினால், முதல் பட்டத்துக்குச் சேரலாம். என் கட்சிக்காரி அந்த வாசலால் வந்தவர். எந்தப் படியையும் தாண்டவில்லை. தமிழ்நாட்டு ஆணை தன் வேலைக்கு யாரை எடுப்பது என்று அந்த அரசு வகுத்துக்கொண்டது. அது வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 2001இல், இவர் பட்டம் பெற்றுவிட்டார். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் உயர்தரம் இல்லாதோருக்கு அடிப்படைப் பாடநெறி வைத்து, அதன் வழியாகப் பட்டப்படிப்புக்கு எடுத்துவந்தது. நம் நாட்டில் ஏற்கும் வழியைக் கடலுக்கு அப்பால் குற்றமாக்க முடியாது என்று வாதிட்டேன்.

விளங்கப்படுத்தச் சுலபமாக இருந்தது, கேட்க வைக்கத்தான் காலம் எடுத்தது. தவணை மேல் தவணை. ஒருமுறை ஆட்சேபனை தயாரில்லை, ஒருமுறை கோப்பு வரவில்லை. 2013இல் தீர்ப்பு வந்தது: மறுப்புக் கடிதம் நீக்கப்பட்டது, விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலிக்கும்படி கட்டளை. நாங்கள் வென்றோம்.

மீள்பரிசீலனையில் பட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வயதெல்லையைத் தாண்டிவிட்டார் என்று விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். அவர் விண்ணப்பித்தபோது எல்லைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. வழக்கு நடந்த காலம் அதைத் தின்றுவிட்டது. வயதை விண்ணப்பித்த நாளில் வைத்தே கணிக்க வேண்டும் என்று மனுவில் ஒரு பரிகாரம் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. பட்டத்தைக் காப்பாற்றும் முனைப்பில் நாட்காட்டியைப் பார்க்கத் தவறினேன். அந்தக் குறையை இன்றுவரை வேறு யார் தலையிலும் கட்ட என்னால் முடியவில்லை. மறுபடி மனுப் போடலாம் என்றேன். "இன்னும் ரெண்டு வருசமா, சேர்? என்னட்டைப் பின்னேரம் படிக்க வாற பிள்ளையள் இருக்கினம்" என்றார்.

அசல் ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் சான்றிதழை எடுத்துப் பார்க்கவில்லை. றப்பர் வளையத்தைக் கழற்றி, சீட்டுகளை மேசையில் ஒவ்வொன்றாக வைத்து எண்ணினார். நாற்பத்தொன்று. எல்லாம் சரி என்று என் புத்தகத்தில் கையெழுத்திட்டுவிட்டு, பேசாலைக்கு பஸ் பிடிக்கப் புறப்பட்டார்.